வீட்டுக் கொம்பியூட்டருக்கு எத்தனை ஜிபி ராம் வேண்டும் என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது?

கொக்குவில் ரீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு டெஸ்க்டொப் இருக்கிறது. இன்டெல் ஐ3 நான்காம் தலைமுறை புரோசஸர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹாட் டிஸ்க், வின்டோஸ் 10. எட்டு வருடத்துக்கு முன் பாவித்ததாகத்தான் வாங்கினோம், வாங்கின புதிதில் நன்றாக ஓடியது. இப்போது காலையில் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்த் தேத்தண்ணி வைத்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி வைத்துவிட்டு வந்து பார்த்தாலும் அது இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

மகள் உயர்தரம் கணிதப் பிரிவு, இரசாயனவியலுக்குப் பதிலாக ஐசிடி எடுத்திருக்கிறாள். கிழமையில் நான்கு நாள் சூம் வகுப்பு. சூமைத் திறந்து, குரோமில் சேர் அனுப்பின பிடிஎப்பைத் திறந்து, பைதன் நிரல் எழுதுகிற சாளரத்தையும் திறந்தால் எல்லாம் அப்படியே உறைந்துவிடும். போன கிழமை சேர் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டிருக்கிறார், இவள் மைக் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறாள், அது வேலை செய்வதற்குள் சேர் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். அன்று இரவு சாப்பிடாமல் படுத்தாள். இதை இனி இப்படியே விடக்கூடாது என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்.

மற்றப்படி, பின்னேரம் மகன் யூடியூப்பில் எட்டாம் வகுப்புப் பாடம் பார்ப்பான், இவர் வெங்காயக் கணக்கை எக்செலில் எழுதுவார், நான் வினாத்தாள்களை வேர்டில் பாமினி எழுத்துருவில் அடித்து அச்செடுப்பேன். விளையாட்டு இல்லை, வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலையும் இல்லை.

யாழ்ப்பாணம் டவுனில் இரண்டு கடையில் விசாரித்தேன். ஒன்றில் 16 ஜிபி போட்டால் பறக்கும் என்றார்கள். மற்றதில் இதைத் தூக்கிப் போட்டுவிட்டு 32 ஜிபியோடு புதிது எடுங்கள், இனி வரப்போகிற மென்பொருளுக்கு அதற்குக் குறைந்தால் சரிவராது என்றார்கள். கனடாவில் இருக்கிற தம்பி 8 போதும் அக்கா என்கிறான். மூன்று பேர், மூன்று எண், ஏன் அந்த எண் என்று கேட்டால் ஒருவரிடமும் விளக்கம் இல்லை. நான் கணக்குப் படிப்பிக்கிற ஆள், விடை மட்டும் எனக்குப் போதாது, வழியும் வேண்டும். எங்கள் வீட்டு வேலைக்கு எத்தனை ஜிபி தேவை என்பதை நாங்களே எப்படிக் கண்டுபிடிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.


சுன்னாகத்தான்

ரீச்சர், நல்ல கேள்வி. நான் திருத்து வேலை செய்கிறவன். என் மேசைக்கு வருகிறவர்கள் "எத்தனை ஜிபி போடலாம்" என்றுதான் கேட்பார்கள், "எத்தனை ஜிபி தேவை" என்று கேட்கிறவர்கள் அருமை.

முதலில் ராம் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன், அது விளங்கினால் மிச்சம் தானாக விளங்கும். குசினிக்குள் ஒரு குடம், வளவுக்குள் கிணறு. குடத்தில் தண்ணீர் இருக்கும்வரை கையை நீட்டினால் போதும். குடம் சிறிதென்றால் அரிசி களைய ஒரு நடை, மீன் கழுவ ஒரு நடை, பாத்திரத்துக்கு இன்னொரு நடை, சமைக்கிற நேரத்தைவிட நடக்கிற நேரம் கூடிவிடும். ராம் குடம், ஹாட் டிஸ்க் கிணறு. திறந்திருக்கிறதெல்லாம் ராமுக்குள் கொள்ளாவிட்டால், இப்போதைக்குத் தேவையில்லை என்று தான் கருதுவதை வின்டோஸ் டிஸ்க்கில் பேஜ் பைல் என்கிற கோப்பில் எழுதி வைத்துவிடும். நீங்கள் அந்தச் சாளரத்தைக் கிளிக் பண்ணும்போது அதைத் திரும்ப எடுத்து வர வேண்டும். ராமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறக்குறைய 100 நானோ செக்கன், சுழலுகிற ஹாட் டிஸ்க்கில் அது இருக்கிற இடத்தைப் பிடிக்கவே 10 மில்லி செக்கன் அளவில் ஆகும். நீங்கள் கணக்கு ரீச்சர், வகுத்துப் பாருங்கள், ஒரு லட்சம் மடங்கு. மகள் மைக்கை அழுத்திவிட்டுக் காத்திருந்தது பெரும்பாலும் இந்த நடைக்காகத்தான்.

ஆனால் குடத்தைத் தேவைக்கு மேல் பெரிதாக்கினால் சோறு கெதியாக வேகாது. 8 ஜிபிக்குள் அடங்குகிற வேலைக்கு 32 போட்டால் மிச்சத்தை வின்டோஸ் முன்பு திறந்த கோப்புகளை வைத்திருக்கப் பாவிக்கும், அதில் சிறிய நன்மை உண்டு, கொடுத்த காசுக்கு ஏற்ற நன்மை இல்லை.

இனி வழி. மகளின் வகுப்பு நடக்கிற நேரத்தில், எல்லாம் ஒன்றாகத் திறந்திருக்கிற நேரத்தில், கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் வரும். அதில் பெர்போமன்ஸ், அதற்குள் மெமரி. 'இன் யூஸ்' என்று ஒரு எண் இருக்கும், அது அந்த நேரம் ராமுக்குள் இருப்பது. அதை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, ஏனென்றால் 4 ஜிபி உள்ள பெட்டியில் அது 4-ஐத் தாண்டிக் காட்டவே முடியாது, குடம் நிரம்பியிருக்கிறது என்பது தெரியுமே தவிர எத்தனை குடம் தேவைப்பட்டது என்பது தெரியாது. பக்கத்தில் 'கமிட்டட்' என்று சாய்கோட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு எண் இருக்கும். அதில் முதல் எண்தான் உங்களுக்கு வேண்டியது. திறந்திருக்கிற எல்லா மென்பொருளும் சேர்ந்து கேட்டு வாங்கிய மொத்தம் அது, ராமில் இருப்பதும் டிஸ்க்குக்குத் தள்ளினதும் சேர்த்து. கேட்டு வாங்கியதில் ஒரு பங்கை அவை தொடாமலும் வைத்திருக்கும், ஆகவே இதைச் சரிநுட்பமான தேவை என்று சொல்ல முடியாது, ஆனால் வீட்டுப் பாவனைக்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. உங்கள் ராம் அந்த உச்ச எண்ணைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் கிணற்றுக்கு நடக்கிற வேலை அநேகமாக நின்றுவிடும்.

ஒரு நாள் பார்த்தால் போதாது, இரண்டு மூன்று வகுப்பில் பார்த்து ஆகக் கூடினதைக் குறியுங்கள். அதே பக்கத்தில் கீழே எத்தனை சிலொட் (ராம் காட் செருகுகிற இடம்), எத்தனையில் காட் இருக்கிறது, வேகம் எவ்வளவு என்றும் போட்டிருக்கும். டிஸ்க் எத்தனை வீதம் வேலையாக இருப்பதாகக் காட்டுகிறது என்றும் பாருங்கள். கடைசியாக செட்டிங்ஸ், சிஸ்டம், எபவுட் என்று போய், ராம் என்கிற வரியையும் சிஸ்டம் டைப் என்கிற வரியையும் ஒரு எழுத்துக்கூட விடாமல் இங்கே எழுதுங்கள். இவ்வளவும் வரும்வரை ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம்.


அறிவியல்நகர் மாணவன்

ரீச்சர், நான் கிளிநொச்சியில் பொறியியல் படிக்கிறேன். என் லப்டொப் 8 ஜிபியோடு வந்தது, முதல் வருடம் முழுக்க ஒரு குறையும் இல்லை. போன் செயலி எழுதுகிற ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும், அதற்குள் திரையில் ஓடுகிற போலிப் போனும் (எமுலேட்டர்) தேவைப்பட்ட பிறகுதான் 8 காணாமல் 16 ஆக்கினேன். மகள் இப்போது எழுதுகிற பைதனுக்கும் எஸ்கியூஎல்லுக்கும் அது தேவையே இல்லை, அவை மிகச் சிறிய இடத்தில் ஓடும்.

உங்கள் வீட்டில் ராமைத் தின்பது அநேகமாக குரோமாகத்தான் இருக்கும். குரோம் திறந்திருக்கும்போது ஷிப்டும் எஸ்கேப்பும் அழுத்தினால் அதற்கென்று தனியாக ஒரு டாஸ்க் மனேஜர் வரும், எந்த டாப் எவ்வளவு எடுக்கிறது என்று தெரியும். எங்கள் வீட்டில் பார்த்தபோது தம்பி மூடாமல் விட்ட யூடியூப் டாப்புகளும், எப்போதோ போட்டு மறந்த மூன்று எக்ஸ்டென்சனும்தான் பாதியைப் பிடித்துக்கொண்டு இருந்தன. செட்டிங்ஸில் மெமரி சேவர் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் பார்க்காத டாப்புகளைக் குரோம் தானே தூங்க வைத்துவிடும். இன்னொன்று, சூமில் பின்னணிப் படம் போட்டிருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள், அது புரோசஸரையும் சேர்த்துப் பிழிகிறது.

ஆனாலும் என் கருத்து, திறக்கிற நேரத்தில் ஒரேயடியாக 16 போட்டுவிடுவது நல்லது. அடிக்கடி திறந்து பூட்டுகிற வேலை மிச்சம்.


நெல்லியடி ஸ்டூடியோ

32 ஜிபி யாருக்குத் தேவை என்று சொல்லத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த எண்ணை ரீச்சருக்குச் சொன்ன கடை எங்களைப் போன்றவர்களுக்குச் சொல்வதை அப்படியே சொல்லியிருக்கிறது.

நாங்கள் கலியாண அல்பம் செய்கிறோம். ஒரு விரிப்பு (அல்பத்தை விரித்தால் தெரிகிற இரண்டு பக்கமும் சேர்ந்தது) 12 அங்குலம் உயரம், 36 அங்குலம் அகலம், அங்குலத்துக்கு 300 புள்ளி. 3,600 தர 10,800, கிட்டத்தட்ட 3 கோடி 89 லட்சம் புள்ளி. ஒரு புள்ளிக்கு 3 பைட் என்று வைத்தாலே ஒரு படலத்துக்கு (லேயர்) 115 எம்பி அளவில் வரும். மாப்பிள்ளை பொம்பிளை படம், பின்னணி, பூ, எழுத்து, நிழல் என்று 20 படலம் போட்டால் 2.3 ஜிபி. செய்ததைத் திரும்ப அழிக்க போட்டோசொப் பழைய நிலைகளையும் வைத்திருக்கும். இப்படி இரண்டு மூன்று விரிப்பு ஒன்றாகத் திறந்திருக்கும், பக்கத்தில் வீடியோ ஒன்று ஏறிக்கொண்டிருக்கும். எங்களுக்கு 32 ஆடம்பரம் இல்லை, அது இல்லாவிட்டால் வாடிக்கையாளருக்குச் சொன்ன திகதிக்கு அல்பம் போகாது.

வேர்டில் ஒரு வினாத்தாள் எழுத இந்தக் கணக்கில் ஒன்றுமே வராது. ஆகவே ரீச்சர், உங்களிடம் 32 கேட்டவரை நம்பிக் கடன்படாதீர்கள்.

ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். எங்கள் வரவேற்பு மேசைக் கொம்பியூட்டரில் தனிக் கிராபிக்ஸ் காட் இல்லை, அப்படியான பெட்டியில் திரைக்குத் தேவையான மெமரியும் ராமிலிருந்துதான் போகும். அதில் ஒரே 8 ஜிபி காட் இருந்தது, அதை எடுத்துவிட்டு இரண்டு 4 ஜிபி காட் போட்டோம். மொத்தம் கூடவில்லை, ஆனாலும் படங்கள் விரிகிற வேகம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாறியது. இரண்டு பாதையில் ஒரே நேரத்தில் தகவல் போய் வருவதால் அப்படி. ஆகவே எத்தனை ஜிபி என்பதோடு எத்தனை காட்டில் என்பதையும் பாருங்கள்.


கொக்குவில் ரீச்சர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. சொன்னபடி திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் மகளும் நானும் பக்கத்தில் கொப்பி வைத்துக் குறித்தோம். அவளுக்கும் இது பிடித்துவிட்டது, ஐசிடி பாடத்தில் மெய்நிகர் நினைவகம் (ராமில் கொள்ளாததை டிஸ்க்கில் வைப்பது) என்று மனப்பாடம் பண்ணினதை இப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன் என்றாள்.

சூம், குரோமில் ஆறு டாப், பைதன், வேர்ட் எல்லாம் திறந்திருந்தபோது இன் யூஸ் 2.9. கமிட்டட் மூன்று நாளும் முறையே 4.6, 5.1, 4.9. அதாவது உச்சம் 5.1. டிஸ்க் 100 வீதத்தில் நின்றது, சில வேளை 98க்கு இறங்கித் திரும்ப 100. குரோமில் தேவையில்லாததை எல்லாம் மூடி, அறிவியல்நகர் தம்பி சொன்ன மெமரி சேவரையும் போட்ட பிறகு கமிட்டட் 4.4 வரைக்கும் இறங்கியது, ஆனால் சூம் இன்னும் தடக்கித்தான் வருகிறது.

இரண்டு சிலொட், ஒன்றில்தான் காட் இருக்கிறது. வேகம் 1600.

எபவுட் பக்கத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். "இன்ஸ்டோல்ட் ராம் 4.00 ஜிபி (3.19 ஜிபி யூசபிள்)". அடுத்தது, "32-பிட் ஓப்பரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 புரோசஸர்". 4 ஜிபி வாங்கிவிட்டு 3.19தான் பாவிக்கலாம் என்று ஏன் போட்டிருக்கிறது? மிச்சம் எங்கே?


சுன்னாகத்தான்

அந்த இரண்டு வரிக்காகத்தான் காசு செலவழிக்க வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொன்னேன். வடிவாகக் கேளுங்கள் ரீச்சர், உங்கள் பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

உங்கள் புரோசஸர் 64-பிட். அதற்கு மேல் யாரோ 32-பிட் வின்டோஸை ஏற்றி விற்றிருக்கிறார்கள். 32 பிட்டால் குறிக்கக்கூடிய முகவரிகள் 2-இன் 32ஆம் அடுக்கு, அதாவது 4 ஜிபி. அந்த 4 ஜிபிக்குள்தான் கிராபிக்ஸ் போன்ற மற்ற உறுப்புகளுக்கும் முகவரி ஒதுக்க வேண்டும், அதனால் உங்களுக்கு மிஞ்சியது 3.19. இந்த நிலையில் நீங்கள் 16 ஜிபி வாங்கிப் போட்டிருந்தாலும் பாவிக்கக் கிடைத்திருப்பது இதே மூன்று சொச்சம்தான். போன வருடம் ஒரு அம்மா இப்படித்தான் 8 ஜிபி போட்ட பெட்டியைக் கொண்டு வந்தார், காட் போட்டுக் காசு வாங்கிய இடத்தில் எபவுட் பக்கத்தை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. மகனின் படிப்புக்கென்று சீட்டு எடுத்துப் போட்ட காசு. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இருக்கிறது. காட் விற்கிறவர் முதலில் பார்க்க வேண்டிய பக்கம் அது, ஒரு நிமிட வேலை.

சரி, இப்போது உங்கள் கணக்கு. உச்சம் 5.1. 64-பிட்டுக்கு மாறினால் மென்பொருள்கள் கொஞ்சம் கூடுதலாக எடுக்கும், தாராளமாக 6 என்று வையுங்கள். மகன் இன்னும் இரண்டு டாப் திறப்பான், கோப்புகளை வைத்திருக்க வின்டோஸுக்கும் கொஞ்ச இடம் வேண்டும். 8 வருகிறது. அறிவியல்நகர் தம்பி சொன்ன 16 பிழை என்று சொல்லமாட்டேன், புதுப் பெட்டி வாங்குகிறவருக்கு நானும் 16 என்றுதான் சொல்வேன். ஆனால் இந்தப் பழைய பெட்டிக்கு அந்த மேலதிக 8 ஜிபிக்குக் கொடுக்கிற காசை எஸ்எஸ்டிக்கு, அதாவது சுழலுகிற பாகம் இல்லாத வேகமான டிஸ்க்குக்குக் கொடுத்தால் பலன் பல மடங்கு.

ஏனென்றால் உங்கள் டிஸ்க் 100 வீதத்தில் நிற்கிறது. அதில் ஒரு பகுதி ராம் காணாததால் வந்த நடை, அது 8 ஜிபியோடு குறையும். மிச்சம் அந்த ஹாட் டிஸ்க்கின் இயல்பு. காலையில் தேத்தண்ணி வைத்து முடியும்வரை சுற்றுகிறது என்றீர்களே, அதை ராம் தீர்க்காது, எஸ்எஸ்டிதான் தீர்க்கும். 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (ஹாட் டிஸ்க் கொழுவுகிற அதே வகை இணைப்பு) ஒன்று போதும், வின்டோஸை அதில் ஏற்றி, பழைய ஹாட் டிஸ்க்கைப் படங்களுக்கும் பாடங்களுக்கும் வைத்துக்கொள்ளலாம். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எதை முதலில் செய்வது என்று கேட்பீர்கள். 4 ஜிபியும் ஹாட் டிஸ்க்கும் சேர்ந்திருக்கிற பெட்டியில் நான் எஸ்எஸ்டியைத்தான் முதலில் போடுவேன், ஆனால் உங்களுக்கு இரண்டும் வேண்டும்.

உங்களிடம் இருப்பது டிடிஆர்3 என்கிற ராம் வகை, 1600 வேகம். அதே வகையில் டெஸ்க்டொப்புக்கான 4 ஜிபி காட் ஒன்று பாவித்ததாக எடுத்து வெறும் சிலொட்டில் போட்டால் போதும், இருக்கிற காட்டைக் கழற்றத் தேவையில்லை. ஸ்டூடியோக்காரர் சொன்ன இரண்டு பாதை நன்மையும் கிடைத்துவிடும். 1333 காட் தந்தாலும் ஓடும், ஆனால் இரண்டும் 1333க்கு இறங்கி ஓடும். டிடிஆர்4 வாங்கிவிடாதீர்கள், வெட்டு இருக்கிற இடமே வேறு, சிலொட்டில் இறங்காது, பலவந்தப்படுத்தினால் சிலொட் உடையும். புது ராம் விலை 2025 கடைசியிலிருந்து ஏறிவிட்டது, செயற்கை நுண்ணறிவு ஓடுகிற பெரிய கொம்பியூட்டர்களுக்கென்று தயாரிப்பாளர்கள் உற்பத்தியைத் திருப்பிவிட்டதால் வந்த தட்டுப்பாடு அது. இந்த நேரத்தில் தேவைக்கு மேல் 32 ஜிபி வாங்கச் சொல்கிறவரை நான் மன்னிக்கமாட்டேன்.

32-இலிருந்து 64க்கு அப்படியே மேலே ஏற்ற முடியாது, துடைத்துத்தான் ஏற்ற வேண்டும். ஆகவே முதலில் வினாத்தாள், வெங்காயக் கணக்கு, படங்கள், பாமினி எழுத்துருக் கோப்பு எல்லாவற்றையும் வேறோர் இடத்தில் எடுத்து வையுங்கள். எடுத்து வைத்ததை இன்னொரு கொம்பியூட்டரில் திறந்தும் பாருங்கள், இதில் அவசரம் வேண்டாம். உங்கள் வின்டோஸ் 10 முறைப்படி ஆக்டிவேட் ஆகியிருந்தால் அதே பதிப்பின் 64-பிட்டும் அந்த உரிமத்திலேயே ஆக்டிவேட் ஆகும், இன்னொன்று வாங்கத் தேவையில்லை.

வின்டோஸ் 11ஐப் பற்றியும் யாராவது கேட்பீர்கள். அதற்கு மைக்ரோசொப்ட் கேட்கிற ராம் 4 ஜிபிதான், ஆனால் இன்டெல் புரோசஸரில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிறகும்தான் பட்டியலில் இருக்கிறது, உங்களுடையது நான்காம் தலைமுறை. வின்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. மேலதிகப் பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பதிந்தால் 2026 ஒக்டோபர் 13 வரை கிடைக்கும், மைக்ரோசொப்ட் கணக்கில் செட்டிங்ஸை ஒத்திசைத்தால் காசில்லாமலே பதியலாம். அதற்குப் பிறகு வின்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்கிற இலவச ஓப்பரேட்டிங் சிஸ்டம் போடலாம், அதன் எக்ஸ்எப்சிஈ என்கிற இலகுப் பதிப்பு 8 ஜிபியில் மிக இலகுவாக ஓடும். குரோம், சூம், பைதன் மூன்றும் அதில் உண்டு. பழைய பாமினித் தாள்கள் அதில் வேர்டுக்குப் பதிலாக இருக்கிற லிப்ரே ஒபிஸில் ஒழுங்காகத் திறக்கின்றனவா என்று மட்டும், மின்ட்டைப் பென் டிரைவிலிருந்து ஓடவிட்டு முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.


பருத்தித்துறை வாசி

பாவித்த ராம் காட் வாங்கப் போகிறீர்கள் என்பதால் என் அனுபவத்தையும் கேளுங்கள் ரீச்சர். நான் ஒரு பழைய காட் வாங்கிப் போட்டேன், கொம்பியூட்டர் 8 ஜிபி என்று காட்டியது, சந்தோசமாக இருந்தேன். இரண்டு கிழமைக்குப் பிறகு அப்பாவின் அந்தியேட்டிப் படங்களை கமராவிலிருந்து ஏற்றிவிட்டு கமரா காட்டை அழித்தேன். ஏற்றிய படங்களில் சிலவற்றில் பாதிக்குக் கீழே சாம்பல் நிறம், சில திறக்கவே இல்லை. பழுது டிஸ்க்கில் என்று நினைத்து டிஸ்க்கை மாற்றினேன், அதற்குப் பிறகும் கோப்புகள் பழுதாகின. கடைசியில் ராம் காட்டில்தான் பிழை. நகல் எடுக்கும்போது தகவல் ராம் வழியாகத்தான் போகிறது, அங்கே ஒரு பிட் மாறினால் டிஸ்க்கில் மாறினபடியே பதிவாகிவிடும். அந்தப் படங்கள் திரும்பக் கிடைக்கவில்லை.

ஆகவே வாங்குகிற நாளிலேயே சோதியுங்கள். ஸ்டார்ட்டில் 'வின்டோஸ் மெமரி டயக்னோஸ்ரிக்' என்று தேடினால் வரும், மறுபடி தொடங்கி அதுவே சோதித்துவிடும். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் மெம்டெஸ்ட்86 பிளஸ், இலவசம், பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விட்டுவிட்டுப் படுங்கள். காலையில் ஒரு பிழை காட்டினாலும் அந்தக் காட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஒன்றுதானே என்று விடாதீர்கள். திருப்பி எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள் என்பதை வாங்கும்போதே பில்லில் எழுதி வாங்குங்கள்.

போடும்போது வயரைக் கழற்றிவிட்டு, பெட்டியின் வெறும் இரும்பை ஒருக்கால் தொட்டுவிட்டுக் காட்டைப் பிடியுங்கள், ஓரத்தில் மட்டும். பழைய காட்டின் பொன்னிறக் கால்கள் மங்கிப்போயிருக்கும், எங்கள் கடற்கரைப் பக்கத்து உப்புக் காற்றுக்கு இன்னும் மோசம். வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளைத் தட்டிவிட்டுப் போடுங்கள். இரண்டு பக்கக் கொளுக்கியும் கிளிக் என்று விழ வேண்டும்.


கொக்குவில் ரீச்சர்

செய்து முடித்தாயிற்று, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பாவித்த 4 ஜிபி டிடிஆர்3 காட் ஒன்றும் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும் வாங்கினோம். காட்டை ஏழு நாளுக்குள் திருப்பலாம் என்று பில்லில் எழுதி வாங்கினேன், கடைக்காரர் ஒரு மறுப்பும் சொல்லவில்லை. காட்டை மகளே பொருத்தினாள். அழிறப்பர் என்னுடைய பேனைப் பெட்டியிலிருந்து போனது. மெம்டெஸ்ட் இரவு பத்து மணிக்குத் தொடங்கிக் காலை ஆறு மணிக்குப் பார்த்தோம், பிழை பூச்சியம். பிறகு இவருடைய மருமகன் ஞாயிற்றுக்கிழமை வந்து 64-பிட் வின்டோஸ் 10 ஏற்றித் தந்தார், அதே உரிமத்தில் ஆக்டிவேட் ஆனது. மேலதிகப் புதுப்பிப்புக்கும் பதிந்துவிட்டோம். மகளின் பரீட்சை முடியும்வரை இதைத் தொடப் போவதில்லை, முடிந்த பிறகு மின்ட்.

இப்போது எபவுட் பக்கத்தில் 8.00 ஜிபி, பாவிக்கக்கூடியது 7.9. நேற்றைய வகுப்பில் முன்பு திறந்த அவ்வளவும் திறந்து பார்த்தோம். கமிட்டட் 5.7, இன் யூஸ் 4.8, டிஸ்க் 3 வீதம். பொத்தானை அழுத்தி 25 செக்கனில் திரை வந்துவிடுகிறது. சேர் கேள்வி கேட்டார், இவள் பதில் சொன்னாள், நான் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் கொஞ்சம் பிழைதான், ஆனால் அவள் குரல் அங்கே போய்ச் சேர்ந்தது.

இன்னொரு கேள்வி. அக்காவின் மகனுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது, புது லப்டொப் எடுக்கப் போகிறார்கள். இப்போதைக்கு 8 எடுத்துவிட்டுப் பிறகு கூட்டலாம் என்று அக்கா சொல்கிறா. சரியா?


சுன்னாகத்தான்

அந்த 5.7ஐக் கண்டது பெரிய சந்தோசம் ரீச்சர். மகளுக்கு என் வாழ்த்து.

லப்டொப் என்றால் "பிறகு கூட்டலாம்" என்பதை மொடலின் முழு எண்ணைத் தேடிப் பார்க்காமல் நம்பக்கூடாது. மெல்லிய லப்டொப் பலவற்றில் ராமை மதர்போட்டிலேயே ஒட்டிவிடுகிறார்கள், வாங்கின அன்றைக்கு இருப்பதுதான் கடைசிவரை. விபரத்தில் எல்பிடிடிஆர் என்று இருந்தால் அநேகமாக ஒட்டினதுதான். அப்படியானால் 8 எடுக்கவே வேண்டாம், நான்கு வருடம் படிக்கப் போகிற பிள்ளைக்கு 16. கழற்றிப் போடக்கூடிய சிலொட் ஒன்றாவது வெறுமையாக இருக்கிறதென்றால் அக்கா சொல்வது சரி, 8 எடுத்துவிட்டு இரண்டாம் வருடம் கமிட்டட் எண்ணைப் பார்த்துக் கூட்டலாம். மொடல் எண்ணை இங்கே போடச் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.